பித்தளைக்குள் ஒரு காந்தாரம்

1914 ஜூலை 15ஆம் தேதி, நியூ ஜெர்ஸி மாகாணத்துக் காம்டன் நகரில், விக்டர் மிலிட்டரி பேண்டு என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழு 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' என்ற உருப்படியை மெழுகில் பதிந்தது. பெயரில்தான் ராணுவம். உண்மையில் அது கிராமபோன் கம்பெனி தன் பதிவறைக்கென்று வைத்திருந்த வாத்தியக்காரர்களின் கூட்டம். ஒன்பது நாள் கழித்து, ஜூலை 24இல், போட்டிக் கம்பெனியான கொலம்பியாவுக்காக பிரின்ஸ் பேண்டு அதே உருப்படியைப் பதிந்தது. அதற்கு நாலாம் நாள் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிவிட்டது. ப்ளூஸ் பதிவுகளில் ஆக முற்பட்டவையாக இந்த இரண்டு தட்டுகளையும் வைத்துப் பேசுவது வழக்கம். வாசித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். இயற்றியவர் கறுப்பர்.

சில வருஷங்களுக்கு முன் நம் நண்பர்கள் கூடியிருந்த ஒரு சாயங்காலம், பாண்டிச்சேரிக் கடற்கரையில், இந்தத் தட்டைப் பற்றி நான் ஆவேசமாகவே பேசினேன். கறுப்பு மனிதனின் துக்கத்தைப் பித்தளைச் சவப்பெட்டியில் அடைத்து ஓட்டமும் நடையுமாக இடுகாட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள் என்று சொன்ன ஞாபகம். சொற்றொடர் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. அது தவறு என்று இப்போது படுவதால் இதை எழுதுகிறேன். முழுக்கத் தவறு என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் எந்த இடத்தில் தவறு என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் தகவல். டபிள்யூ.சி. ஹாண்டி 1873இல் அலபாமாவில் பிறந்தவர். கார்னெட் வாசித்தவர், பேண்டு மாஸ்டர், இசையெழுத்தை நன்கு கற்றவர். 1909இல் மெம்ஃபிஸ் நகர மேயர் தேர்தலில் கிரம்ப் என்பவருக்கு ஆதரவாகத் தெருவில் வாசிக்க ஹாண்டியின் பேண்டு அமர்த்தப்பட்டது. அதற்குக் கட்டிய மெட்டுத்தான் பின்னால் 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' ஆயிற்று. 1912இல் அச்சாயிற்று. ஐம்பது டாலருக்கு உரிமையை விற்றார். 28 வருஷம் கழித்து, 1940இல்தான் உரிமை அவர் கைக்குத் திரும்பியது. நடுவில் எத்தனை ஆயிரம் பேர் அதற்கு ஆடினார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஹாண்டிக்கு நிறைய அவகாசம் இருந்திருக்கும்.

ஆகவே இந்த உருப்படி கிதார்க்காரனிடமிருந்து பேண்டு பறித்துக்கொண்ட பொருள் அல்ல. பேண்டில், தெருவில், கூலிக்கு, ஒரு தேர்தலுக்காகப் பிறந்தது. மிஸிஸிப்பி மாகாணத்து டட்வைலர் என்ற சிறு ரயில்நிலையத்தில், கத்தியை நரம்பின்மேல் அழுத்தித் தேய்த்து ஒருவன் கிதார் வாசித்துப் பாடியதைக் கேட்டது தன்னை உலுக்கியதாக ஹாண்டி பிற்காலத்தில் தம் சுயசரிதத்தில் எழுதினார். உண்மைதான். ஆனால் உலுக்கப்பட்ட மனிதன் கையில் இருந்தது கார்னெட். நாம் ப்ளூஸ் என்றதும் ஒற்றை மனிதன், ஒற்றைக் கிதார், மரநிழல் என்று ஒரு படத்தை மாட்டிவைத்துக்கொள்கிறோம். பாணன் என்றதும் யாழோடு தனியே நடந்துபோகும் ஒருவனை நினைத்துக்கொள்வதைப் போல. பாணன் சுற்றத்தோடு போனவன். சிறுபாணாற்றுப்படையின் பாணனுக்குச் சொல்லப்படும் வழியில் எயிற்பட்டினம் வருகிறது. அது மரக்காணத்துப் பக்கம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அதே வழியில் உமணர்களின் உப்பு வண்டிகளும் வருகின்றன. இந்தப் பகுதியில் பிழைக்க வந்திருக்கிற எனக்கு அந்தக் கவிதையின் பசி, இலக்கணப் புத்தகங்களில் படித்த பசியைவிடக் கொஞ்சம் ஸ்தூலமாகிவிட்டது.

இனி ஸ்ருதி, வேகம். இந்த இரண்டையும் தனித்தனியே எழுதுவதுதான் முறை. ஆனால் அந்தக் காலத்துத் தட்டில் இரண்டும் ஒன்று. தட்டு சுற்றுகிற வேகம் மாறினால் ஸ்ருதியும் காலமும் சேர்ந்தே மாறும். எழுபத்தெட்டுச் சுற்று என்று நாம் சொல்வது பின்னால் நிலைப்பட்ட கணக்கு. 1914இல் ஒவ்வொரு கம்பெனியும் ஏறக்குறைய அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தன்னிஷ்டத்துக்குப் பதிந்தது. எழுபத்துநாலில் பதிந்ததை எழுபத்தெட்டில் ஓட்டினால் ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். வேகமும் அதே அளவில் கூடும். சாந்தமாக வாசித்தவன் அவசரக்காரனாகிவிடுவான். கிராமபோனுக்குச் சாவி கொடுத்துப் பாட்டுக் கேட்ட வீடுகளில் இதன் மறுபக்கம் தெரியும்: சாவி தளரத் தளரக் கல்யாணப் பாட்டும் ஒப்பாரியாக இறங்கும்.

இதற்கு ஒரு எளிய பரிசோதனை இருக்கிறது. பேண்டுக்காரர்கள் தங்கள் வாத்தியத்துக்கு வசதியான ஸ்ருதிகளில்தான் வாசிப்பார்கள்: பி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட். நம் கணக்கில் ஆறரை, இரண்டரை, நாலு, ஐந்தரைக் கட்டை. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பெரும்பாலும் பி ஃப்ளாட்டில் அமைந்தவை. ஆகவே ஒரு பேண்டுத் தட்டு சுத்தமான ஆறு கட்டையிலோ ஏழு கட்டையிலோ ஒலித்தால், வாசித்தவனைச் சந்தேகிப்பதற்கு முன்னால் சுழல்தட்டைச் சந்தேகிக்க வேண்டும். நான் கடற்கரையில் அவ்வளவு வீறாப்பாகப் பேசியபோது கேட்டிருந்த பிரதி எந்த வேகத்தில் ஓடியது என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. 'ஓட்டமும் நடையும்' என்று நான் தீர்ப்புச் சொன்னதில் ஒரு பங்கு மோட்டாருடையதாக இருக்கலாம்.

மற்றொரு பங்கு சந்தையுடையது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சமாசாரம். வாங்குகிறவர்கள் ஆடுவதற்கு வாங்கினார்கள். வெர்னன் காஸில், ஐரீன் காஸில் என்ற தம்பதி நியூயார்க்கை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவர்களுக்கு இசை நடத்தியவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற கறுப்பர். அவர் 1912இல் கார்னெகி அரங்கில் பெரியதொரு கறுப்பு வாத்தியக் குழுவை ஏற்றியவர். வேகமான ஆட்டங்களுக்கு நடுவில் இளைப்பாற யூரோப் 'மெம்ஃபிஸ் ப்ளூஸை' நிதானமாக வாசிப்பாராம். அந்த நிதானத்தைக் கேட்டுத்தான் காஸில் தம்பதி ஃபாக்ஸ்டிராட் என்ற ஆட்டத்தை அமைத்தார்கள் என்பது யூரோப் சொன்ன வரலாறு. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அன்றைய காதுக்கு இந்த உருப்படி மெதுவானது! அதைச் சுற்றியிருந்த ஒன்ஸ்டெப், ராக்டைம் ஓட்டத்தில் இது மூச்சு வாங்க உட்கார்ந்த இடம். நாம் பின்னால் வந்த பெஸ்ஸி ஸ்மித்தின் இழுப்பைக் கேட்டுப் பழகிய காதோடு முன்னால் போய் அதை அவசரம் என்கிறோம். வேகம் என்பது பக்கத்து வீட்டு வேகத்தை வைத்து அளக்கப்படுவது.

பித்தளை ஏன் முதலில் வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. 1925க்கு முன் பதிவில் மைக் கிடையாது. பெரிய புனலுக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும். காற்றின் பலத்தில் ஊசி அசைய வேண்டும். பித்தளைக்கு அந்தப் பலம் இருந்தது. நரம்பு வாத்தியங்கள் சோர்ந்தன. கறுப்புப் பெண்ணின் ப்ளூஸ் குரலைப் பதிய வேண்டும் என்று கம்பெனிகளுக்குத் தோன்ற 1920 ஆகஸ்ட் வரை, மேமி ஸ்மித் வரும்வரை ஆயிற்று. இதற்குப் புனல் காரணமல்ல, வேறு காரணம். அதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாவம் என்று நாம் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் துக்கம் என்பது மேற்கத்திய இசையைப் புத்தகத்தில் அறிந்தவர்களின் பாலபாடம். நானும் அப்படித்தான் அறிந்தேன். ஹாண்டியே 1914இல் இயற்றிய 'செயின்ட் லூயி ப்ளூஸ்' இந்தப் பாலபாடத்தை மிக சாதாரணமாகக் கவிழ்த்துவிடுகிறது. பிரிந்த காதலை நினைத்துப் புலம்புகிற பன்னிரண்டு பார் பகுதிகள் ஜி மேஜரில் இருக்கின்றன. நடுவில் வருகிற பகுதி ஜி மைனர். அதற்கோ டாங்கோ நடை, இடுப்பை அசைக்கிற நடை. அதாவது அழுகை மேஜரில், ஆட்டம் மைனரில். நமக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. மேஜருக்குரிய ஏழு ஸ்வரங்களும் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அந்த மேளத்தில் பிறந்த நீலாம்பரியைக் கேட்டுவிட்டு யாராவது மேஜர் என்றால் உற்சாகம் என்று சொல்வார்களா? ஸ்வரஸ்தானம் பாவத்தைத் தருவதில்லை. ஸ்வரத்துக்கு எப்படி வந்து சேர்கிறோம், அதை எப்படி விட்டுப் போகிறோம் என்பதில் இருக்கிறது.

ப்ளூஸின் காந்தாரம் அப்படிப்பட்டது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ நின்று அசைகிறது. நிஷாதமும் அவ்வாறே. குரல் அதை எளிதில் செய்யும். கத்தியால் தேய்த்த நரம்பு செய்யும். மூன்று வால்வு டிரம்பெட் என்ன செய்யும்? ஹாண்டி இசையெழுத்தில் செய்தது ஒரு குமாஸ்தா வேலை: மேஜர் ஓட்டத்தில் தாழ்ந்த காந்தாரத்தையும் தாழ்ந்த நிஷாதத்தையும் செருகிவைத்தார். எழுத்து அதற்குமேல் போகாது. 1914ஆம் வருஷத்து வெள்ளை வாத்தியக்காரர்கள் எழுதியதை எழுதியபடி வாசித்தார்கள். இங்கேதான் நான் கடற்கரையில் சொன்னதில் ஒரு துளி உண்மை தங்குகிறது. 1919 மார்ச்சில் யூரோப், யுத்தத்திலிருந்து திரும்பிய தம் கறுப்புப் படைப்பிரிவு பேண்டை வைத்து அதே 'மெம்ஃபிஸ் ப்ளூஸை' பாத்தே கம்பெனிக்குப் பதிந்தார். வேகம் குறையவில்லை. மேஜர் மேஜராகவே இருக்கிறது. ஆனால் டிராம்போன் வழுக்குகிறது, டிரம்பெட் வாய் அடைத்து உறுமுகிறது, நடுநடுவே எல்லோரும் நிறுத்த ஒருவன் மட்டும் குதித்து வருகிறான். பிரான்ஸில் இந்தப் பேண்டைக் கேட்ட பிரெஞ்சு ராணுவ வாத்தியக்காரர்கள் கருவியில் ஏதோ சூது இருக்கிறதென்று வாங்கிப் பார்த்தார்களாம். சூது உதட்டில் இருந்தது. தம் ஆட்கள் எழுதியதற்குமேல் சேர்த்துவிடாமல் தடுக்கத் தினமும் ஒத்திகை வைக்க வேண்டியிருந்தது என்று யூரோப் ஒரு பேட்டியில் சொன்னார். அந்த மே 9ஆம் தேதி பாஸ்டனில், தம் குழுவின் டிரம் வாசிப்பவன் கையாலேயே குத்துப்பட்டு இறந்தார்.

இதே கேள்வி நம்மிடம் வேறு உருவத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே வந்திருந்தது. சென்னைக் கோட்டையின் பேண்டு வாசித்த மெட்டுகளை முத்துசுவாமி தீட்சிதர் கேட்டு ஸமஸ்கிருத ஸாஹித்யம் இட்டார். 'காட் சேவ் தி கிங்' மெட்டும், 'பிரிட்டிஷ் கிரெனடியர்ஸ்' என்ற அணிவகுப்பு மெட்டும் தெய்வங்களைப் பாடின. எல்லாம் சங்கராபரணம். தஞ்சாவூரில் சரபோஜி மேற்கத்திய இசையெழுத்தையும் பேண்டையும் அரண்மனைக்குள் கொண்டுவந்த காலமும் ஏறக்குறைய அதுதான். விளம்ப காலத்தில் கமகத்தை நெய்த தீட்சிதர், இந்த நோட்டு ஸ்வரங்களில் ஒரு கமகமும் சேர்க்கவில்லை. மெட்டை மெட்டாக, நிமிர்ந்தபடி விட்டார். அது இயலாமையால் அல்ல, மரியாதையால் என்பது என் எண்ணம். எதிர்த்திசையில் யோசித்த அகில இந்திய வானொலி, கமகம் பேசாது என்று 1940இல் ஹார்மோனியத்தையே ஒதுக்கி 1971 வரை வைத்திருந்தது. ஆனால் கட்டைகள் நிலைத்த அதே மேற்கத்தியச் சரக்கான கிளாரினெட் சின்ன மேளத்துக்குள் நுழைந்து, ஏ.கே.சி. நடராஜன் கையில் முழு ராகமும் பேசிவிட்டது. ராஜரத்தினம் பிள்ளை திமிரி நாகஸ்வரத்தின் நாலு, ஐந்து கட்டையை விட்டு இரண்டு, இரண்டரைக் கட்டைப் பாரிக்கு இறங்கியதும் தோடியின் முகமே மாறியதே, அதைப் பற்றி நம் விமர்சகர்கள் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்? ஸ்ருதி இறங்கியது பாவ விஷயமா, கைவேலை விஷயமா? நரசிங்கம்பேட்டையில் மரம் கடைந்தவரைக் கேட்காமல் பதில் வராது.

என்னைத் திருத்தியது இவை எதுவுமல்ல. கூனிமேட்டில் கேட்ட ஒரு சாவு.

கூனிமேடு மரக்காணத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் கடலோரத்து ஊர். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கம்பெனிக்கு இங்கே ஒரு பண்டகசாலை இருந்தது; இன்று அந்தப் பெருமை ஒருவருக்கும் நினைவில்லை, நல்லதுதான். வடக்கே போனால் உப்பளங்கள். பாத்திகளில் வெயில் காய்கிற காலம் வரை வேலை. ஐப்பசி மழை பிடித்தால் உப்பும் இல்லை, கூலியும் இல்லை. உப்பளத்தில் வாருபலகை பிடிக்கிற ஒரு பெரியவர் முகூர்த்த மாதங்களில் பேண்டு செட்டில் யூஃபோனியம் வாசிப்பார். அந்த ஊர்வலத்தில் அவர்களுடைய செட்டு ஒரு பழைய சினிமாக் காதல் பாட்டை வாசித்துப் போனது. முந்தின வாரம் அதே செட்டு அதே பாட்டை மாப்பிள்ளை அழைப்பில் வாசித்ததை நான் கேட்டிருந்தேன். ஸ்ருதி அதேதான். வேகமும் அதேதான். முன்னால் பறை இன்னும் துரிதமாகப் போய்க்கொண்டிருந்தது. நம் சாவு மெதுவாகப் போவதில்லை. நியூ ஆர்லியன்ஸில் இடுகாடு போகும்போது மெதுவாகவும் திரும்பும்போது துள்ளலாகவும் வாசிப்பார்களாம். நமக்குப் போகும்போதே துள்ளல்.

பின்னால் ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "பாட்டு ஒண்ணுதான் சார். கல்யாணத்துல மேல எடுத்துட்டு வுட்ருவோம். சாவுல எடுத்த எடத்துலயே கொஞ்சம் நிப்போம். அவ்ளோதான்" என்றார். நான் யூஃபோனியத்தை வாங்கிப் பார்த்தேன். மீரட் சரக்கு. மூன்றாம் வால்வு உப்புக்காற்றில் இறுகியிருந்தது. அந்த வால்வு வேண்டிய ஸ்வரங்களை உதட்டாலேயே இழுத்துச் சமாளிக்கிறார். கிட்டத்தட்ட ஒரு ஸ்ருதி தாழ்ந்து வருகிறது. காந்தாரம் நடுவில் தொங்குகிறது. தமக்கு ப்ளூஸ் தெரியாது. வால்வு இறுகிவிட்டது, அவ்வளவுதான்.

அவரை எனக்கு முதலில் தெரிந்ததே நான் வேலை பார்த்த கிளையில்தான். புதிய வாத்தியத்துக்குக் கடன் கேட்டு வந்தார். பழையதை ஈடு வைக்கத் தயாராக இருந்தார். பித்தளைக்கு எடை உண்டு, ஈட்டு மதிப்பு இல்லை. விண்ணப்பத்தின் மேல் 'பரிசீலிக்க இயலாது' என்று எழுதியது என் கை. அன்று மாலை நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை, அடிமைகளின் இசையை முதலாளித்துவம் விழுங்குவதைப் பற்றியது.

நெய்தலுக்கு விளரி யாழ் என்றும் இரங்கல் உரிப்பொருள் என்றும் இலக்கணம் சொல்கிறது. இரங்கலை நாம் சோகம் என்று மொழிபெயர்த்துக்கொள்வதில் ஏதோ நழுவுகிறது. சோகம் முடிந்த விஷயத்தைப் பற்றியது. இரங்குகிறவள் இன்னும் கரையில் நிற்கிறாள். காத்திருக்கிறாள், திட்டவும் செய்கிறாள், அலையை எண்ணவும் செய்கிறாள். ப்ளூஸை இதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அதன் வேகமும் மேஜரும் எனக்கு இடைஞ்சலாக இல்லை. முதல் வரி, மறுபடியும் அதே வரி, பிறகு அதற்கொரு பதில். பாருக்கு நாலு எண்ணிக்கை வைத்தால் வரிக்கு ஆதியில் இரண்டு ஆவர்த்தனம், மொத்தம் ஆறு. சொன்னதையே திரும்பச் சொல்வதில் இருக்கிறது காத்திருப்பு.

போன தை பிறப்பதற்கு முன், முகூர்த்தம் தொடங்காத ஒரு மத்தியானம், பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 1914ஆம் வருஷத்துப் பதிவைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். எழுபத்தெட்டு என்று வைத்துக்கொண்ட வேகம்தான். பெரியவர் சிரிக்கவில்லை, தலையாட்டவும் இல்லை. வலதுகை விரல்கள் மட்டும் தொடையில் வால்வுகளை அழுத்திக்கொண்டிருந்தன. முடிந்ததும், "எத்தினி பேரு சார்? ஆளுக்கு இன்னா குடுத்திருப்பான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தட்டில் அவர்கள் பெயர்கூட இல்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்த முறை இடதுகையில் கணு கணுவாக எண்ணினார்.

"பன்னெண்டு பன்னெண்டா போவுது. நடுவுல ஒரு எடம் மட்டும் பதினாறு. அங்க கணக்க மாத்திட்டான் சார்."

இத்தனை வருஷமும் பன்னிரண்டு பார் என்று பேசியும் எழுதியும் வந்தவன் நான். வீட்டுக்கு வந்து 1912ஆம் வருஷத்து அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பதினாறுதான்.